பாலிசி

பாலிசி என்றதும் நம்மில் பலருக்கு எல்.ஐ.சி. முகவர்தான் நினைவுக்கு வருவார். மேகக் கணிமையில் இதே சொல், எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்று எழுதிவைக்கும் அனுமதி ஆவணத்தைக் குறிக்கிறது. ஒலி ஒன்று, வேர் வேறு. காப்பீட்டுப் பாலிசி, சான்று காட்டுதல் என்னும் பொருளுள்ள கிரேக்க ‘அப்போடெய்க்சிஸ்’ இத்தாலிய ‘பொலிட்சா’வாகி வந்தது. ஆட்சிமுறையைச் சொல்லும் ‘பொலிடெயா’ மற்றதற்கு மூலம். நகரம் என்னும் பொருளுள்ள ‘பொலிஸ்’ அதற்கும் அடி. கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவதை. அதைக் ‘கொள்கை’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது கட்சி மாநாட்டை நினைவூட்டுகிறது.

கூகுள் கிளவுடில் இந்த அனுமதி ஆவணம் பெரும்பாலும் ஜேசன் வடிவில் போய்வரும். இன்ன பொறுப்பு இன்னாருக்கு என்ற பிணைப்புகளே உள்ளடக்கம். ‘செட்ஐயாம்பாலிசி’ என்ற ஏபிஐ அழைப்பு பழையதோடு புதியதைச் சேர்க்காது. பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கும். ஒரு பெயரைச் சேர்க்க நினைத்து அதை மட்டும் அனுப்பினால், ஏற்கெனவே அங்கே அனுமதி பெற்றிருந்தவர்கள் அதை இழப்பார்கள். ஆகவே முதலில் ‘கெட்ஐயாம்பாலிசி’யால் இருப்பதை வாங்கி, திருத்தி, கூடவே வந்த ஈடேக் குறியோடு திருப்பி அனுப்ப வேண்டும். இடையில் வேறொருவர் கைவைத்திருந்தால் குறி பொருந்தாது, அழைப்பு நிராகரிக்கப்படும்.

பிணைப்புகளில் வரும் பெயர்களிலும் பொறி உண்டு. ‘ஆல்ஆதென்டிகேட்டட்யூசர்ஸ்’ என்பதை நம் அலுவலகத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. கூகுள் கணக்கில் உள்நுழைந்த எவரும் அதில் அடக்கம்.