கருகாத ஒளி

கண் அறுவை மேஜையில் படுத்திருந்தபோது முடி கருகுற மாதிரி ஒரு வாசம். "டாக்டர், எரியுதா?" என்று பதறினேன். "எரியலம்மா, அசையாம அந்தப் புள்ளியையே பாருங்க." சில வினாடிகள்தான். பதினாலு வருஷக் கண்ணாடி போச்சு. ஆனால் கேள்வி போகவில்லை: எரியலைன்னா அது என்ன வாசம்?

பதில் 1917 வரை இழுத்துக்கொண்டு போனது. அந்த ஆண்டுவாக்கில் ஐன்ஸ்டீன் காகிதத்தில் ஒரு கணக்கை நேர்செய்துகொண்டிருந்தார். கிளர்ச்சி நிலையில் இருக்கும் அணுவை அதற்குப் பொருத்தமான ஒளித்துகள் ஒன்று கடந்துபோனால், அணு தன்னிடமுள்ள ஆற்றலை அதே மாதிரி இன்னொரு ஒளித்துகளாக விடும். பஜனையில் ஒருத்தர் எடுத்துக்கொடுக்க, பாடத் தயாராய் இருந்தவர் அதே சுருதியில், அதே தாளத்தில் சேர்ந்துகொள்வது மாதிரி. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இதுதான் தூண்டு உமிழ்வு.

சிக்கல் என்னவென்றால், கிளர்ச்சி அடையாத அணுக்கள் அதே ஒளியை விழுங்கிவிடும். பாடுகிறவர்கள் விழுங்குகிறவர்களைவிட அதிகமாக இருக்க வேண்டும். அதைச் சாதித்து மெய்மன் ரூபிக் கல்லில் முதல் லேசரை எழுப்பியது 1960 மே 16இல்.

என் கண்ணைத் தொட்டது வேறு வகை, எக்ஸைமர் லேசர். ஆர்கான் லேசில் யாரோடும் சேராத வாயு. கிளர்ச்சி நிலையில் மட்டும் ஃபுளோரினோடு கைகோக்கும். ஒளியை விட்டதும் பிரிந்துவிடும். ஆக, விழுங்குவதற்கு அங்கே ஜோடியே மிஞ்சாது! வருவது 193 நானோமீட்டர் புறஊதா ஒளி.

அந்த ஒளியை உயிர்த்திசுவின் மேல் திருப்பியவர்களில் ஒருவர் நம்ம ஊர்க்காரர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ரங்கசாமி சீனிவாசன், 1929இல் மெட்ராஸில் பிறந்து, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். 1981 நவம்பரில், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்துக்கு, நன்றி நவிலல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியைக் கொண்டுபோனார். வின், பிளம் இருவரும் உடன் வேலை செய்தவர்கள். பச்சை லேசர் பட்ட இடம் கருகியது. எக்ஸைமர் பட்ட இடத்தில் சுத்தமான வெட்டு. 1983இல் கண் மருத்துவர் டிரோக்கலுடன் சேர்ந்து, கருவிழியிலும் அது சரியாக வெட்டுகிறது என்று எழுதினார்கள்.

காரணம் எளிது. அந்த ஒளித்துகளின் ஆற்றல் மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுக்கிறது. சூடு பக்கத்துக்குப் பரவுவதற்குள் துணுக்குகள் பறந்துவிடுகின்றன. என் மூக்குக்கு வந்தது கருகின வாசம் இல்லை. பிணைப்பு அறுந்து காற்றில் கலந்த என் கருவிழியின் வாசம்.

மறுநாள் செக்கப்புக்காகத் தாம்பரத்தில் ரயில் ஏறினேன். சானடோரியம் நெருங்கும்போது பழக்கத்தில் மூக்குக்கு மேலே விரல் போனது. அங்கே தள்ளிவிட ஒன்றும் இல்லை. பலகையில் எழுத்து தெரிந்தது.