வாசலைத் தாண்டியவர் யார்?

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி, குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ பிறர் அனுபவத்திலுள்ள இடத்துக்குள் நுழைவது அத்துமீறல். அந்த இடம் வீடானால் பிரிவு 448: ஓராண்டு வரை சிறை. இரவில் பூட்டை உடைத்துத் திருட நுழைந்தாலோ 14 ஆண்டு வரை. மானத்தைவிடப் பொருளுக்கே மதிப்பு அதிகம்! 2024 ஜூலையில் வந்த புதிய சட்டமும் வீட்டு அத்துமீறலுக்கு அபராதத்தை 1,000 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியதே தவிர, சிறைக்காலத்தைத் தொடவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் கேட்பது அனுபவத்தை, பட்டாவை அல்ல. புறம்போக்கில் குடிசை போட்ட நம் சனத்தின் வாசலும் வாசல்தான். புகார் கொடுக்கப் போகும்போது "பட்டா இருக்கா?" என்று கேட்டால் நாம் இதைச் சொல்லியாக வேண்டும்.

ஊர் வைத்திருக்கும் அத்துமீறல் சட்டமோ வேறு. 2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கப் போனார். கையில் அரசு ஆணை இருந்தது. ஆதிக்கச் சாதிப் பெற்றோர் பள்ளியைப் பூட்டினார்கள். ஊர்க்கணக்கில் அத்துமீறியவர் அவர்தான். அதிகாரிகளும் அந்தக் கணக்குப்படியே அவரை இடமாற்றினார்கள். போராடிய பிறகே அது ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் ஆறு பேருக்கு ஈராண்டு சிறை விதிக்கப்பட்டது, 2025 நவம்பரில்.