கந்தோர் அலுமாரியில் இருந்த சரித்திரம்

சப்பிரகமுவத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் எந்த ஆண்டில் வந்தனர், எத்தனை நாள் பேர் போட்டனர், யாருக்கு எவ்வளவு கடன்பட்டனர் என்பனவெல்லாம் எழுதப்பட்டே இருந்தன. எழுதியவர் கணக்கப்பிள்ளை, பூட்டி வைத்தவர் துரை. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ, அவருக்கு மட்டும் அதைப் பார்க்கும் வழி இருக்கவில்லை. 1921ஆம் ஆண்டு ஒழிக்கப்படும் வரை, ஒரு கங்காணியின் ஆட்களை வேறு தோட்டத்திற்கு விடுவிப்பதைத் 'துண்டு' என்ற காகிதமே தீர்மானித்தது. அதில் குறித்திருந்த கடன் தொகையை வாசிக்க அறிந்த தொழிலாளர் எத்தனை பேர்?

இதன் விலை 1949இல் தெரிந்தது. முந்திய ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரை வெளியே நிறுத்திற்று. அவ்வாண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமோ, 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் விவாகமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடைவிடாது இலங்கையில் வசித்ததற்கு ஆதாரம் கேட்டது. இரத்தினபுரியில் தேயிலையும் கேகாலையில் இறப்பருமாகத் தோட்டம் மாறி மாறி உழைத்தவர் எந்தக் கந்தோரின் செக்ரோலைத் தேடிப் போவார்? 'பழைய துரை காலத்தில் வந்தோம்' என்றும், 'பெரிய வெள்ளத்தில் மகன் பிறந்தான்' என்றும் சொல்லத் தெரிந்தவர்களிடம் சர்க்கார் திகதி கேட்டது.

இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்தது. அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் 1951 ஆகஸ்டு 5இல் முடிந்த ஈராண்டுத் தவணையின் பிற்பகுதியில்தான் விண்ணப்பிக்கும்படி முடிவு மாறிற்று. சட்டம் என்ன கேட்கிறது, எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதையாவது முதல் நாளிலிருந்தே லயம் லயமாகச் சொல்லியிருக்கலாம் என்பது நமது எண்ணம். பகிஷ்கரிப்புக்கு அதனால் பங்கம் வந்திராது. அக்காலத்தில் உழைத்த பெரியோர் இதைக் குறையாகக் கொள்ளாதிருப்பாராக.

ஏறக்குறைய 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை பெற்றவர் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே. எஞ்சியவர்களின் கதியை 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிய பேச்சு 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. மீண்டும் ஒரு திகதி!

1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. கந்தோர்கள் இப்படிக் கைமாறிய போதெல்லாம் அந்தப் பழைய பேரேடுகளை யார் பொறுப்பேற்றார்கள்? சில லயங்களில் இன்றும் தகரப் பெட்டியின் அடியில் மடிப்பு கிழிந்த காகிதம் ஒன்று கிடக்கும். அது யாருடையது, எதற்காக வைத்திருக்கிறது என்று கேட்டால், பாட்டிமார் உட்கார வைத்துச் சொல்கிறார்கள். வாலிப அங்கத்தவர் கையில் ஒரு கொப்பியோடு போதல் நலம்.