நாய்க்குட்டிப் பயிற்சி

நாய்க்குட்டிப் பயிற்சி என்பது, வீட்டுக்குப் புதிதாக வரும் நாய்க்குட்டியை மனிதருடனும் பிற விலங்குகளுடனும் அச்சமின்றிப் பழகவும், வீட்டு ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கவும் பழக்குவதாகும். ஆறு மாதம் ஆன பின்னரே நாயைப் பயிற்றவேண்டும் என்ற கருத்து முன்னர் பரவலாக இருந்தது. ஆனால் குட்டியின் முதல் மூன்று மாதங்களே அதன் பிற்கால இயல்பைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

சமூகமயமாதற் பருவம்

பிறந்த 3 ஆவது வாரத்தில் தொடங்கி ஏறத்தாழ 12 முதல் 14 ஆவது வாரம் வரை நீடிக்கும் காலம் சமூகமயமாதற் பருவம் எனப்படும். இப்பருவத்தில் குட்டி புதியவற்றை எளிதில் ஏற்றுக்கொள்ளும். பின்னர் புதியவை பெரும்பாலும் அச்சத்தையே தருகின்றன.

1961 இல் டேனியல் பிரீட்மன், ஜான் கிங், ஓர்வில் எலியட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், வேலியிட்ட வெளியில் மனிதத் தொடர்பின்றிக் குட்டிகள் வளர்க்கப்பட்டன. அவை 2, 3, 5, 7, 9 ஆகிய வார வயதுகளில் குழுக்களாகப் பிரித்தெடுக்கப்பட்டு ஒரு வாரம் மனிதருடன் பழகவிடப்பட்டன. 14 வாரம் வரை மனிதத் தொடர்பே இல்லாதிருந்த குட்டிகள், பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சி விலகின. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் நெடுங்காலம் ஆய்ந்த ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் ஆகியோர் 1965 இல் வெளியிட்ட நூலும் இப்பருவத்தை விரிவாக விளக்குகிறது.

தடுப்பூசிச் சிக்கல்

குட்டிக்குத் தடுப்பூசிகள் முழுமையாக இடப்படும் முன்னரே இப்பருவம் முடிந்துவிடுகிறது. வெளியே கொண்டுசென்றால் பார்வோ தீநுண்மி போன்றவற்றால் நோய் தொற்றலாம். வீட்டிலேயே அடைத்துவைத்தால் அச்சமும் அதனால் கடிக்கும் இயல்பும் உருவாகலாம். அமெரிக்க விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008 இல் வெளியிட்ட அறிக்கை, மூன்று வயதுக்குட்பட்ட நாய்கள் இறப்பதற்கு முதன்மைக் காரணம் தொற்றுநோய் அன்று, நடத்தைச் சிக்கல்களே என்று குறிப்பிட்டது. முதல் தடுப்பூசிக்குப் பின் குறைந்தது 7 நாட்கள் கழிந்து, முதல் குடற்புழு நீக்கமும் செய்யப்பட்டிருந்தால், 7 அல்லது 8 வார வயதிலேயே குட்டிகளைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாம் என்றும் அது பரிந்துரைத்தது. தெருநாய்கள் நடமாடும் இடங்களில் குட்டியைத் தரையில் விடாமல், கையில் ஏந்திச் சென்று வெளியுலகைக் காட்டலாம்.

பயிற்சி முறைகள்

* கழிப்புப் பழக்கம்: உறங்கி எழுந்தவுடனும், உண்ட பின்னரும், விளையாடிய பின்னரும் குட்டியை ஒரே இடத்திற்குக் கொண்டுசெல்லவேண்டும். அங்குக் கழித்த உடனே தின்பண்டம் தந்து பாராட்டவேண்டும். பரிசு ஓரிரு நொடிகளுக்குள் கிடைத்தால்தான் குட்டி அதனைச் செயலுடன் தொடர்புபடுத்தும்.
* கடித்தல்: எவ்வளவு வலுவாகக் கடிக்கலாம் என்பதைக் குட்டி உடன்பிறந்த குட்டிகளுடன் விளையாடிக் கற்கிறது. எனவே 8 வாரங்களுக்கு முன் தாயிடமிருந்து பிரிப்பது நன்றன்று. குட்டியின் 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும் காலத்தில் கடித்தல் மிகும். அப்போது கையை விலக்கி, கடிக்கத்தக்க பொருளைக் கொடுக்கவேண்டும்.
* தனித்திருத்தல்: தொடக்கத்தில் சில நிமிடங்கள் மட்டும் தனியே விட்டு, நேரத்தைப் படிப்படியாகக் கூட்டவேண்டும்.

தண்டனை

தவறு நிகழ்ந்து நேரம் கடந்தபின் தண்டித்தால், எதற்காகத் தண்டிக்கப்பட்டது என்பதைக் குட்டியால் அறிய இயலாது. நாயின் முகத்தில் தோன்றும் "குற்ற உணர்வு", செய்த தவற்றைவிட உரிமையாளரின் கண்டிப்புடனேயே தொடர்புடையது என்பதை அலெக்சாண்ட்ரா ஓரோவிட்சு 2009 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அடியும் அதட்டலும் தவற்றைத் திருத்துவதை விட, உரிமையாளரின் கண்ணில் படாமல் அதனைச் செய்யவே குட்டியைப் பழக்கக்கூடும்.