பின்சில்லின் சரித்திரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏறுவதற்கு மலையுமில்லை, கடப்பதற்கு ஆறுமில்லை. ஆகவே சைக்கிளுக்கென்றே படைக்கப்பட்ட பூமி இது என்று அயலூரார் எண்ணுவது இயல்பே. எனினும், சுண்ணாம்புக்கல் துருத்தி நிற்கும் ஒழுங்கைகளிலும், பனங்கருக்கு உதிர்ந்து கிடக்கும் வடலிப் பாதைகளிலும், நெருஞ்சி படர்ந்த வெளிகளிலும், வல்லிபுரத்து மணலிலும் வண்டி ஓட்டியவர்கள், சமதரை காலுக்கு அளிக்கும் சௌகரியத்தை ரயருக்கு அளிப்பதில்லை என்பதை நன்கறிவார்கள்.

பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியரான டன்லப் 1888இல் காற்றடைத்த ரயருக்கு உரிமம் பெற்றார். கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை புகையிரதப் பாதை 1905இல் முற்றுப்பெற்றது. பின்னர் றலி, ஹம்பர், ஹேர்க்குலிஸ் முதலிய ஆங்கிலேய வண்டிகள் குடாநாட்டு வீடுகளில் இடம்பிடித்தன. உபாத்தியாயருக்கும் இலிகிதருக்கும் சைக்கிள் கௌரவத்தின் சின்னம்; ஆனால் அதன் மெய்யான பலத்தைச் சோதித்தவர்கள், வாழைக்குலையையும் வெங்காய மூட்டையையும் கரியரில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் சுன்னாகச் சந்தைக்கு மிதித்த கமக்காரரேயாவர். அவர்களுக்கு வேகம் ஒரு பொருட்டன்று; பின்சில்லு எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதொன்றே விசாரணைக்குரிய விஷயம்.

றப்பர் விஷயத்தில் ஒரு விநோதமுண்டு. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட கன்றுகளிலிருந்து பெருகி, களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி ஆகிய மழைவளமுள்ள மாவட்டங்களில் காடாக வளர்ந்த இந்த மரம், 1952இல் சீனத்தோடு அரிசிக்குப் பண்டமாற்றுச் செய்யும் அளவுக்கு இலங்கையின் செல்வமாயிற்று. களனியில் சோவியத் உதவியோடு ஒரு ரயர்த் தொழிற்சாலையும் எழுந்தது. ஆயினும், வறண்ட வடக்கில் றப்பர் மரம் வேர்கொள்ளவில்லை. எனவே, றப்பர் மலிந்த தீவிலே வாழ்ந்தும், ஒரு நெடுஞ்சாலையையும் ஓர் இருப்புப்பாதையையும் நம்பியே குடாநாட்டான் தன் சில்லுக்கு ரயர் தேட வேண்டியிருந்தது.

அந்த இரண்டு வழிகளும் 1990 ஜூனில் உள்நாட்டு யுத்தம் மீண்டும் மூண்டபோது அடைபட்டன. மின்சாரம் அற்றது, பெற்றோலும் பற்றறியும் தடைப்பட்டன, மோட்டார் வாகனங்கள் சில துளி பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் புகை கக்கியபடி ஓடின. அக்காலத்தில் சைக்கிளே பேருந்து, அதுவே லொறி, பல வேளைகளில் அதுவே நோயாளியைச் சுமக்கும் வண்டி. விறகும் மண்ணெண்ணெயும் கரியரிலேறி ஊரூராகச் சென்றன. புது ரயர் அரிதாகவே, ஒட்டின்மேல் ஒட்டுப்போட்ட ரியூப்பும், வெடித்த இடத்தில் உட்புறமாகப் பழைய ரயர்த் துண்டு வைத்துக் காப்பாற்றப்பட்ட ரயரும், தேய்ந்த பின்ரயரை முன்னுக்கு மாற்றும் சிக்கனமும் வீட்டுக்கு வீடு வழக்கமாயின. சைக்கிள் கடைக்காரரின் கைத்திறமைக்கு அந்த நாட்களில் இருந்த மதிப்பு வைத்தியருக்கு அடுத்தபடியானது என்றால் அது மிகையன்று.

ரயரைத் தின்றவற்றுள் வானொலியையும் சேர்க்க வேண்டும். பற்றறி கிடையாமையால், வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் பி.பி.சி.யின் லண்டன் தமிழோசையைச் செவிமடுத்தார்கள் ஜனங்கள். டைனமோவின் தலை ரயரின் பக்கச்சுவரை உராய்ந்தே சுழல்வதாதலால், செய்தி கேட்பதற்கும் றப்பரில் ஒரு கூலி கொடுக்க நேர்ந்தது. கொம்படி, ஊரியான் நீரேரி வழியாக வன்னிக்குப் போனவர்களோ சைக்கிளை உவர்நீரில் தள்ளிச் சென்றார்கள். உப்பு பட்ட இரும்பு ரிம் துருவேறி, அத்துரு ரியூப்பை ரிம்மின் பக்கமிருந்து அரித்தது. 1995 அக்டோபர் 30ஆம் தேதி வலிகாமத்து ஜனங்கள் லட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, நெரிசலில் ஏறி மிதிக்கவும் இடமின்றி, குடும்பத்தின் உடைமைகளைச் சுமத்தி அவர்கள் உருட்டிச் சென்றவையும் இந்த ஒட்டுப்போட்ட சில்லுகளே.

யுத்தம் ஓய்ந்தபின் மோட்டார் சைக்கிள் பெருகியது, சைக்கிள் ஒதுங்கியது. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டு, அதற்கும் நாட்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டிவந்தபோது, பழைய வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. இப்போது மின்சாரச் சைக்கிளைப் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. வாங்க விரும்புவோர் விற்பனையாளரிடம் வேகத்தையும் பற்றறியையும் விசாரிக்கிறார்கள். ரயரை விசாரிப்பவர் அரிது. இது தவறான வரிசை என்பது என் அபிப்பிராயம். மோட்டார் பெரும்பாலும் பின்சில்லின் குடத்திலேயே அமைவதால், அதன் பாரமும், புறப்படும்போது அது கொடுக்கும் முறுக்கும், முன்பு மூட்டை சுமந்த அதே பின்ரயரிலேதான் விழுகின்றன. மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்தில் ஓடக்கூடிய வண்டிக்குச் சாதாரண ரயர் போதாது. மணிக்கு 50 கிலோமீற்றர் வரை தகுதிச் சான்று பெற்ற, ‘ஆர் 75’ என்ற சர்வதேச விதிக்கு உட்பட்ட ரயர்கள் உலகச் சந்தையில் உள்ளன. அவற்றிலும் தடித்த பக்கச்சுவரும், முள்ளைத் தடுக்கும் உட்படையும், 2 அங்குலத்தை ஒட்டிய அகலமும் உள்ளதையே நம் ஒழுங்கைகளுக்குத் தெரிந்தெடுத்தல் வேண்டும். பாரம் சற்றுக் கூடுமேயென்று தயங்கவேண்டாம்; அதை இழுக்கத்தான் மோட்டார் இருக்கிறது. பணம் கொடுக்குமுன் குனிந்து பின்ரயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பதை வாசித்துவிடுங்கள்.