தண்ணி ஊத்தாத மோட்டாரும் புல்லட் சூப்பர்சார்ஜரும்

திருவண்ணாமலை பழைய இரும்புக் கடைகள்ல கெணத்து மோனோ பிளாக் மோட்டாருங்க நெறைய கெடக்குது. கெணறு வத்தி, போர் போட்டு, சப்மெர்சிபிள் எறக்கினதும் கழட்டிப் போட்டதுங்க. அதுல இருக்கிற இம்பெல்லரை எடுத்து, புல்லட் இன்ஜினுக்குக் காத்து அடைக்கிற சூப்பர்சார்ஜர் செய்யலாமான்னு எங்க பக்கத்துப் பசங்க கேக்கறாங்க. கேள்வியில தப்பே இல்ல. ரெண்டும் ஒரே வம்சம்தான். அந்த வம்சத்தோட கதை தெரிஞ்சா, எது நடக்கும், எது ஆளைக் காவு வாங்கும்னு தெளிவா புரியும்.

சக்கரத்தைச் சுத்தி தண்ணியை வெளிப்பக்கம் வீசுற பம்பை 1689லயே டெனி பாப்பேன்கிற பிரெஞ்சுக்காரர் செஞ்சார். அப்புறம் ரொம்ப காலம் அது பெருசா எடுபடல. 1851ல லண்டன்ல நடந்த பெரிய கண்காட்சியில ஜான் அப்போல்டுங்கிறவர் வளைஞ்ச தகடு வச்ச பம்பைக் கொண்டாந்தார். நேர் தகடு வச்சது போட்ட சக்தியில நூத்துக்கு 24 பங்கைத்தான் வேலையாக் குடுத்துது. வளைஞ்ச தகடு 68 பங்கு குடுத்துது. இன்னிக்கு நம்ம இம்பெல்லர்ல பாக்கற வளைவு அந்த வளைவுதான்.

நம்ம பக்கம் அப்ப கவலை ஓட்டித்தான் தண்ணி எறைச்சாங்க. 1900க்கு அப்புறம், ஆல்ஃபிரட் சாட்டர்டன்கிற இன்ஜினியர் சென்னை மாகாணத்துல ஆயில் இன்ஜின் வச்சு பம்பு ஓட்டறதை விவசாயிங்ககிட்ட பரப்பினார். அதுக்கப்புறம் இந்த வேலை கோயம்புத்தூர் கைக்குப் போச்சு. அங்க கலங்கல் கிராமத்துல 1893ல பொறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் ஓட்டிட்டு வந்த மோட்டார் சைக்கிளைப் பாத்து மயங்கினார். ஓட்டல்ல வேலை செஞ்சு காசு சேத்து, அதையே வெலைக்கு வாங்கி, அக்கக்காப் பிரிச்சு மறுபடி பூட்டினார். 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். 1937ல பாலசுந்தரம் நாயுடுவோட சேந்து, இந்தியாவுலயே செஞ்ச எலக்ட்ரிக் மோட்டாரைக் கொண்டாந்தார். மோட்டார் சைக்கிளும் கெணத்து மோட்டாரும் நம்ம நாட்டுல ஒரே ஆளோட கையில சந்திச்சிருக்கு, பாருங்க.

இப்ப காத்துக்கு வருவோம். ஃபுட் வால்வு வழியா தண்ணி மேல ஏறுதுன்னா, பம்பு இழுக்கறதால மட்டும் இல்ல; வெளிக்காத்து கெணத்துத் தண்ணியை அமுக்கித் தள்ளுது. அந்த அமுக்கம் 10 மீட்டர் தண்ணி ஒசரத்துக்குச் சமம். இன்ஜின் மூச்சு விடறதும் அதே அமுக்கத்துலதான். அதுக்கு மேல காத்து உள்ள போகாது. போனா, கூடவே அதிக பெட்ரோல் எரிக்கலாம், சக்தி கூடும். இதுக்காக லூயி ரெனோ 1902லயே இந்தச் சுழல் சக்கரத்தைக் காத்து அடைக்க வச்சு காப்புரிமை வாங்கினார். 1918ல சான்ஃபோர்டு மாஸ், அமெரிக்காவுல 14,000 அடிக்கு மேல ஒசரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே விமான இன்ஜினைக் கொண்டு போய், பொகையால சுத்தற இதே மாதிரி சக்கரத்தை மாட்டி ஓட்டிக் காட்டினார். காத்து மெலிஞ்ச எடத்துலயும் இன்ஜின் சக்தி கொறையல.

அப்ப நம்ம இம்பெல்லரை மாட்டினா என்ன? பதில் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச பழக்கத்துலயே இருக்கு. தண்ணி ஊத்தி நெரப்பாம மோட்டாரைப் போட்டா தண்ணி ஏறாது. ஏன்? 15 சென்டிமீட்டர் இம்பெல்லர் நிமிஷத்துக்கு 2,900 சுத்து சுத்தினா, சுமாரா 25 மீட்டர் ஒசரத்துக்குத் தள்ளும். தண்ணி இருந்தா 25 மீட்டர் தண்ணி. காத்து இருந்தா 25 மீட்டர் காத்து. காத்து தண்ணியை விட 800 மடங்கு லேசு. அதனால கெடைக்கிற அமுக்கம் வெறும் 3 சென்டிமீட்டர் தண்ணிக்குச் சமம். இன்ஜின்ல காத்து நூத்துக்கு முப்பது கூட போகணும்னா 3 மீட்டர் வேணும், அதாவது 100 மடங்கு. வேகத்தை ரெண்டு மடங்காக்கினா அமுக்கம் நாலு மடங்காகும். அந்தக் கணக்குப்படி 100 மடங்குக்கு வேகம் 10 மடங்கு, நிமிஷத்துக்கு 29,000 சுத்து. அந்த வேகத்துல வார்ப்பிரும்பு இம்பெல்லர் சிதறும். சிதறினா அது எதிர்ல நிக்கிறவன் மேல குண்டு மாதிரி பாயும்.

2015ல கவாசாகி கம்பெனி நிஞ்சா எச்2 வண்டியில இதை மாட்டினப்ப, 69 மில்லிமீட்டர் சக்கரத்தை இன்ஜினை விட 9.2 மடங்கு வேகமா, 1,30,000 சுத்து பக்கம் ஓட விட்டாங்க. அதுக்குன்னே தனி கியர், தனியா கடைஞ்ச அலுமினியச் சக்கரம். புல்லட்டுல இன்னொரு தொல்லையும் இருக்கு. ஒத்தை சிலிண்டர் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் மூச்சு இழுக்கும். சக்கரமோ நிக்காம ஊதிக்கிட்டே இருக்கும். நடுவுல ஒரு காத்துத் தொட்டி வைக்காம வேலைக்கு ஆகாது.

அதனால தம்பிங்களா, இரும்புக் கடை இம்பெல்லரை வண்டியில மாட்டாதீங்க. பழைய கார் டர்போ ஒண்ணைப் பிரிச்சு, அதோட சக்கரத்தை மோனோ பிளாக் சக்கரத்துக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. தகடு எவ்வளவு மெல்லிசு, எப்படி எடை சமமாக்கியிருக்கான்னு கையில தெரியும். நாயுடுவும் பிரிச்சுப் பாத்துத்தான் கத்துக்கிட்டார். நம்ம கெணறு வத்திப் போனாலும், மோட்டாரைப் பிரிச்சுப் பூட்டற கை வத்திப் போகக் கூடாது.