மூன்று தலைமுறையினர் ஒன்றாகச் செல்லும் கடற்பயணம்: சொகுசுக் கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

தாத்தா பாட்டி, பெற்றோர், பேரப்பிள்ளைகள் என அனைவரும் ஒன்றாகச் சென்றுவர, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல் பயணம் வசதியானது. எனினும், கப்பல் கரையை விட்டு நீங்கியபின் மருத்துவமனை அருகில் இராது. எனவே, கட்டணத்தையும் கேளிக்கைகளையும் ஒப்பிடுவதற்கு முன், குடும்பத்தின் மிக இளையவருக்கும் மிக மூத்தவருக்கும் அப்பயணம் பொருந்துமா என்று பாருங்கள். அவ்விருவருக்கும் பொருந்தும் பயணமே மற்றவர்களுக்கும் பொருந்தும்.

வயது வரம்புகள்

பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் 6 மாதம் நிறையாத குழந்தைகளை ஏற்பதில்லை. பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களுக்கு 12 மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. கர்ப்பிணிகளை 24ஆம் வாரத்திலிருந்து ஏற்பதில்லை என்பதும் பல நிறுவனங்களின் விதியாகும்.

பிள்ளைகளுக்கான விளையாட்டு மையங்கள் பலவும் 3 வயது நிறைந்து, டயப்பர் அணியும் பழக்கத்தை விட்ட பிள்ளைகளையே சேர்த்துக்கொள்கின்றன. அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளை இருந்தால், பயணம் முழுவதும் யார் பார்த்துக்கொள்வது என்பதை முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். பொறுப்பு முழுவதும் தாத்தா பாட்டியின் மீது விழுந்தால், அவர்களுக்கு ஓய்வு கிட்டாது.

பாதையும் பருவமும்

அலை குறைந்த பாதை, குமட்டலையும் மூத்தோர் தடுமாறி விழும் அபாயத்தையும் குறைக்கும்.

• மலாக்கா நீரிணை இருபுறமும் நிலத்தால் சூழப்பட்டது. அதன் வழியே பினாங்கு செல்லும் பாதை பொதுவாக அமைதியானது.
• வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தென்சீனக் கடல் கொந்தளிக்கக்கூடும்.
• தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை, பூக்கெட் அமைந்துள்ள அந்தமான் கடலில் அலைகள் உயரும்.

சில இடங்களில் கப்பல் துறைமுக மேடையில் நிற்காமல் கடலில் நங்கூரமிடும். பயணிகள் சிறு படகில் கரைக்குச் செல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இது கடினம். எந்தெந்த இடங்களில் அவ்வாறு இறங்க நேரிடும் என்று பதிவு செய்வதற்கு முன் கேளுங்கள்.

கப்பலின் மருத்துவ நிலையம்

கப்பலில் மருத்துவரும் தாதியரும் இருப்பர். சிறு நோய்களுக்குச் சிகிச்சை அளிப்பதும், கடுமையாக நோயுற்றவரைக் கரை சேரும் வரை பாதுகாப்பதும் அவர்களின் பணி. முழு வசதியுள்ள மருத்துவமனைக்கு அது ஈடாகாது.

மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டு மருத்துவச் சிகிச்சையை உள்ளடக்குவதில்லை. எனவே, கப்பலில் பெறும் சிகிச்சை, அவசரமாகக் கரைக்குக் கொண்டுசெல்லுதல், ஏற்கெனவே உள்ள நோய்கள் ஆகிய மூன்றையும் உள்ளடக்கும் பயணக் காப்புறுதியைத் தேர்ந்தெடுங்கள். அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது அறுவை சிகிச்சைக்கு உள்ளானவர்கள், மருத்துவரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே பதிவு செய்ய வேண்டும்.

அறையைத் தேர்ந்தெடுத்தல்

கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும் உள்ள அறைகளில் அசைவு குறைவு. மின்தூக்கிக்கு அருகிலுள்ள அறை மூத்தோருக்கு உகந்தது.

இயலுமாயின், அனைவரும் ஒரே அறையில் தங்குவதைவிட, இடையே கதவுள்ள இரண்டு அறைகளை எடுங்கள். நோரோவைரஸ் போன்ற வயிற்றுத் தொற்று, ஒரே கழிவறையைப் பயன்படுத்துவோரிடையே விரைவாகப் பரவும். பெரும்பாலோருக்கு அது மூன்று நாள்களுக்குள் தணிந்துவிடும். ஆனால், சிறு குழந்தைகளுக்கும், நீரிழிவு அல்லது இதய நோய்க்கு மருந்து உட்கொள்ளும் மூத்தோருக்கும் உடலின் நீர் வற்றி, நிலைமை கடுமையாகலாம்.

நீர்ப் பாதுகாப்பு

எல்லாக் கப்பல்களிலும் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. பிள்ளை நீரில் இருக்கையில், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து கவனிக்க வேண்டும். டயப்பர் அணியும் குழந்தைகளுக்குப் பொதுக் குளங்களில் வழக்கமாக அனுமதி இல்லை.

2015 முதல், அனைத்துலக விதிகளின்படி, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்டவுடனோ பாதுகாப்புப் பயிற்சி நடத்தப்பட வேண்டும். பிள்ளைகளையும் அதில் பங்கேற்கச் செய்யுங்கள். அவர்களின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கி உள்ளதா என்று அப்போதே உறுதி செய்யுங்கள்.

புறப்படுவதற்கு முன்

• குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் மருத்துவரைச் சந்தியுங்கள். சளிக்காய்ச்சல் தடுப்பூசி முழுப் பயன்தர ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும்.
• வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் மூத்தோரின் இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளைத் தொடர்வதா என்று முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.
• குமட்டல் மருந்தை மருத்துவரின் ஆலோசனையின்றி 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். மூத்தோருக்கு அது மயக்கத்தையும் குழப்பத்தையும் ஏற்படுத்தலாம்.
• மருந்துகள், பால்மாவு, வாய்வழி நீரேற்று உப்பு ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். ஒப்படைத்த பெட்டிகள் அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம்.

கப்பலில் நோய் ஏற்பட்டால்

உண்பதற்கு முன்னும் கழிவறைக்குச் சென்ற பின்னும் சவர்க்காரமிட்டு 20 விநாடிகள் கைகழுவுங்கள். கிருமிநாசினித் திரவம் நோரோவைரஸுக்கு எதிராகப் போதுமான பலன் தராது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஏற்பட்டால், அறையில் இருக்கச் சொல்வார்களோ என்று அஞ்சி மறைக்க வேண்டாம். அறிகுறிகள் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பிள்ளையை விளையாட்டு மையத்திற்கு அனுப்ப வேண்டாம்.

பின்வருவன தென்பட்டால் உடனே மருத்துவ நிலையத்தை நாடுங்கள்:

• குழந்தை: 6 மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழியாமை, கண்ணீரின்றி அழுதல், குழிவிழுந்த கண்கள், எழுப்பினாலும் விழிக்காத சோர்வு.
• மூத்தோர்: திடீர்க் குழப்பம், எழுந்து நின்றால் தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், எதைக் குடித்தாலும் வாந்தியாதல்.